ஒரு சுற்று மேலே

ஆன்ட்டி அடித்துப் பார்க்காத பொருள் அவர் வீட்டில் எதுவுமில்லை. தர்பூசணியை எல்லோரும் தட்டுவார்கள், அவர் குத்துவார். புதுப் பூட்டு வாங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு தோளால் இடிப்பார். கடையிலிருந்து வந்த பிரஷர் குக்கரை இடுப்புயரத்திலிருந்து சமையலறைத் தரையில் போட்டார், என் கண் முன்னால். போட்டுவிட்டு எடுத்து, மூடியை மாட்டிப் பார்த்து, இனிச் சமைக்கலாம் என்றார். விழாத சாமான் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, விழுந்த பிறகு அது என்ன செய்யும் என்பதுதான் கேள்வி என்பார். அவருக்கு இருந்த ஒரே வேதம் அது.

முதல்முறை அவர் வீட்டுக்குப் போன அன்று ஃப்ரீசரிலிருந்து மீன் எடுத்துவரச் சொன்னார். திறந்தேன். பாரை மீனுக்கும் உறைந்த இறாலுக்கும் நடுவில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு முழ நீளத்தில் ஒரு கறுப்புக் குழல். இரண்டு முனையிலும் கண்ணாடி. கண்ணாடியில் பனி பூத்திருந்தது. ஏதோ ஒரு மிருகத்தின் கண்ணைப் பிடுங்கி வைத்தது போல அது என்னைப் பார்த்தது.

“அது துவக்கின்ர கண் பிள்ளை,” என்றார் பின்னாலிருந்து. துவக்கு என்றால் துப்பாக்கி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. “குளிரில கிடக்கட்டும். நீர் மீனை எடும்.”

ஹூஸ்டனுக்கு மேற்கே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு வந்து இறங்கியிருந்தேன். விருதுநகர் வெயிலிலிருந்து டெக்சாஸ் வெயிலுக்கு. என்னை யாரும் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை அதுவரை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மருத்துவமனையில் எமர்ஜென்சி டாக்டர். கோயிலில் எல்லோருக்கும் அவர் டாக்டர் ஆன்ட்டி. பட்டுப்புடவைக்குக் கீழே பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார். காதோரம் ஒட்ட வெட்டிய நரை, தடித்த மணிக்கட்டு. கணவர் என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்கும் தைரியம் எங்களில் எவருக்கும் இல்லை. ஃப்ரீவே முடிந்து, பண்ணைச் சாலையும் முடிந்து, மண் சாலையில் போனால் அவருக்கென்று ஒரு நிலம். முள்ளும் புல்லுமான நிலம். அந்த முள்ளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மெஸ்கீட் என்றார்கள். எங்கள் ஊர் வேலிக்காத்தானுக்கு அது பெரியப்பா மகன்.

அந்த நிலத்தைக் காட்டுப் பன்றிகள் உழுதன. விடிந்தால் ட்ராக்டர் புரட்டிய மாதிரிக் கிடக்கும். அங்கே எல்லா நிலத்துக்காரர்களும் சுட்டார்கள், அவரும் சுட்டார். ஆனால் அவர் சுட்டதைவிட, சுடுவதற்கு முன் செய்த சோதனைதான் அந்தப் பக்கத்தில் பேச்சாக இருந்தது.

துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் அந்தக் குழலுக்கு ஸ்கோப் என்று பெயர்; அதன் முதுகில் ஒரு குமிழ் இருக்கும், விலாவில் ஒரு குமிழ். திருகினால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல டிக் டிக் என்று நகரும். தூரத்தில் உள்ளதைச் சுட மேலே திருக வேண்டும், காற்றடித்தால் பக்கவாட்டில். சுட்டு முடித்ததும் பழையபடி ஸீரோவுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் பல ஸ்கோப்புகள் ஏமாற்றும். எண் ஸீரோவைக் காட்டும், உள்ளே கண்ணாடி ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். அந்த மயிரிழை, குண்டு போய்ச் சேரும் இடத்தில் ஒரு கை அகலம்.

அதனால் அவர் சதுரம் போடுவார். வைக்கோல் கட்டில் காகிதத்தைக் குத்திவிட்டு ஒரு குண்டு. மேலே திருகி ஒன்று, வலப்பக்கம் திருகி ஒன்று, கீழே ஒன்று, இடப்பக்கம் திருகித் தொடங்கிய இடத்துக்கு வந்து கடைசியாக ஒன்று. அந்தக் கடைசிக் குண்டு முதல் குண்டின் ஓட்டைக்குள்ளேயே போக வேண்டும். நடுநடுவே ரப்பர் சுத்தியலால் குமிழின் மண்டையில் அடிப்பார். பிக்கப் வண்டியின் பின்தட்டில் அதைத் துணிகூடச் சுற்றாமல் உருளவிட்டு மண் சாலையில் ஓட்டுவார். ராத்திரி ஃப்ரீசர், பகலில் வெயில். பிறகு மறுபடியும் சதுரம்.

“போறது எல்லாம் போகும் பிள்ளை,” என்பார், காதிலிருந்து அடைப்பானை எடுத்துக்கொண்டே. “திரும்பி வருதோ எண்டுதான் பாக்கோணும்.”

அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள், தொப்பி வைத்த பெரிய மனிதர்கள், புது ஸ்கோப் வாங்கினால் ஒரு நோயாளியைக் கூட்டி வருவது போல அவரிடம் கொண்டுவந்தார்கள். ஒருவன் விலை உயர்ந்தது ஒன்றைக் கொடுத்துவிட்டு, மெதுவா மேடம், என்றான். அவர் அதைப் பிக்கப்பின் டயரில் ஓங்கி ஒரு சாத்து சாத்தினார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது. அதைக் காதருகே குலுக்கிக் காட்டிவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

இதெல்லாம் ஏன் என்பது எனக்கு ஒரு மானால் தெரிந்தது.

பண்ணைச் சாலையில் அவரோடு வந்துகொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் போன லாரி ஒரு மானை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பின்பாதி நசுங்கிச் சாலையோடு ஒட்டியிருந்தது. முன்பாதி எழுந்துகொள்ளப் பார்த்தது. எழுந்தது, விழுந்தது, எழுந்தது. குளம்பு தாரில் வழுக்கும் சத்தம். அதன் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. அவர் வண்டியை நிறுத்தினார். அன்று துப்பாக்கி கொண்டுவரவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து டயர் கழற்றும் இரும்பை எடுத்தார். நடந்துதான் போனார், ஓடவில்லை. மானின் கழுத்தைப் பூட்ஸால் மிதித்து நிறுத்தி, காதுக்குப் பின்னால் ஒரே அடி. தேங்காய் உடைகிற சத்தம் அல்ல அது. ஈரச் சத்தம். பிறகு குனிந்து அதன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். இமைக்கவில்லை. காலைப் பிடித்துப் புல்லுக்கு இழுத்துப் போட்டார்.

நான் கதவைத் திறந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். புறங்கையில் ரத்தம்.

“பாதியில விடக் கூடாது,” என்றார். “அங்க ஆஸ்பத்திரியில எனக்கு வந்ததில முக்கால்வாசி, ஒழுங்காச் சுடத் தெரியாதவங்கள் செய்த வேலை. பாதியில விட்டிட்டுப் போயிடுவாங்கள். மிச்சத்தை நாங்கள் பாக்கோணும்.”

அங்கே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. வண்டி கிளம்பியது. அதற்கு மேல் அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சதுரங்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒழுங்காகச் சாகடிக்கப்படாத ஒரு கூட்டமே காகிதத்துக்குப் பின்னால் நின்று தன் முறைக்குக் காத்திருப்பதாக எனக்குப் படும்.

சேகருக்கு, அதாவது என் கணவனுக்கு, இந்த ஆன்ட்டியிடம் ஒரு ‘சபாஷ்’ வாங்கிவிட வேண்டும் என்ற வெறி. கிரீன் கார்டு வந்த சூட்டோடு துப்பாக்கி வாங்கினான். அவன் சாஃப்ட்வேர்க்காரன், கணக்கில் நம்பிக்கை உள்ளவன். எவ்வளவு தூரத்துக்கு எத்தனை டிக் என்று கம்ப்யூட்டரில் போட்டு எடுத்து, துப்பாக்கிக் கட்டையில் ஒட்டி வைத்தான். குமிழ் வைத்த ஸ்கோப்பும் வாங்கினான். இரவு டிவி பார்க்கும்போது அதை மடியில் வைத்துத் துடைப்பான்.

“சயின்ஸ் இது,” என்பான் என்னிடம். “உங்க ஆன்ட்டி சுத்தியல எடுத்துட்டு சுத்துறாங்க. ஏதோ கொல்லம்பட்டறை மாதிரி.”

ஆனாலும் ஒரு சனிக்கிழமை மதியம் அதை அவரிடம்தான் கொண்டுபோனான். மறுநாள் விடியற்காலையில் பன்றிக்குப் போவதாக ஏற்பாடு. அவர் சுத்தியலைத் தூக்கியபோது சேகர் முகம் போன போக்கு, குழந்தைக்கு ஊசி போடுவதைப் பார்க்கும் அப்பனுடையது. அடி விழுந்தது. சதுரம் விழுந்தது. சரியாக விழுந்தது. அவருக்கே ஆச்சரியம். நல்ல சாமான்தான் தம்பி என்றார், சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவர் அதோடு விடவில்லை. குமிழை மேலே ஒரு முழுச் சுற்றும் அதற்கு மேலும் திருகி, அந்த உயரத்தில் சுட்டுவிட்டு, திரும்பக் கீழே திருகிக்கொண்டிருந்தார். அப்போது இடுப்பில் பேஜர் அலறியது. மருத்துவமனை. ஏதோ பெரிய விபத்து. அவர் ஒரு கையால் பேஜரைப் பார்த்துக்கொண்டே மறு கையால் திருகினார், குமிழில் ஸீரோ வந்ததும் நிறுத்தினார், துப்பாக்கியைச் சேகர் கையில் கொடுத்தார். விடியப் பாப்பம் என்று பிக்கப்பில் ஏறினார்.

கடைசிக் குண்டு சுடவில்லை. நான் பார்த்தவரை அவர் அதைச் சுடாமல் போனது அன்று ஒருநாள்தான்.

விடிகாலையில் மூன்று பேரும் தகரக் கூரை போட்ட மறைப்பில் உட்கார்ந்திருந்தோம். ஐம்பது கஜம் தள்ளி, மக்காச்சோளம் சிந்தும் ட்ரம். அவ்வளவு கிட்டத்தில் எதையும் திருக வேண்டியதில்லை. ஸீரோவில் வைத்து, எங்கே பார்க்கிறோமோ அங்கே சுட வேண்டியதுதான். பனி. சேகர் குமிழைத் தொடவில்லை. ஒருதரம் குனிந்து எண்ணை மட்டும் பார்த்தான். ஸீரோ.

பன்றி தனியாக வந்தது. கிழட்டு ஆண். சேற்றில் செய்து, சேற்றிலேயே காயவைத்தது மாதிரி. கடைவாயில் இரண்டு வெள்ளைக் கொக்கி. ஆன்ட்டி தன் விரலால் சேகரின் முழங்கையைத் தொட்டார். தோளுக்குப் பின்னால், என்றார். அவன் சுட்டான்.

பன்றி நின்ற இடத்தில் விழுந்தது. நாலு காலும் மேலே. ஒரு துடிப்பு, அவ்வளவுதான். சேகர் எழுந்துவிட்டான். சிரித்தான், சின்னப் பையன் மாதிரி. துப்பாக்கியை இடக்கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

“தம்பி, நில்லும். அது சாகேல்லை.”

அவன் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. பக்கத்தில் போய் குனிந்தான். பன்றி எழுந்தது. கிடந்ததற்கும் எழுந்ததற்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை, கிடந்தது, பிறகு அவன் மேல் இருந்தது. தலையை ஒரு வெட்டு. சேகர் காற்றில் போய் விழுந்தான். தொடைக்குள் கொக்கி இறங்கி, இழுத்து, வெளியே வந்தது. அவன் கத்திய கத்தல் மனுஷக் கத்தல் இல்லை. மறுபடி பன்றி தலையைத் தாழ்த்தியது.

ஆன்ட்டியால் சுட முடியவில்லை, இரண்டு உடம்பும் ஒன்றாகக் கிடந்தன. ஓடிப்போய்த் தன் துப்பாக்கியின் குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையால் அடித்தார். முகத்தில். மூக்கில். கண்ணில். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கினார். அவருடைய ஸ்கோப் உடைந்து கண்ணாடி தெறித்தது. எத்தனை வருஷம் அடித்தும் உருட்டியும் உடையாத ஸ்கோப். கட்டை பிளந்தது. பிளந்த கட்டையால் அடித்தார். பன்றி விலகியது. ஒரு கணம் நின்று, என்ன செய்வதென்று யோசித்தது போல நின்று, முள்ளுக்குள் போய்விட்டது. பிடரிக்குக் கொஞ்சம் பின்னால், முதுகின் உச்சியில், சிவப்பாக ஒரு உழவு. குண்டு தோளுக்குப் போகவில்லை. முதுகெலும்பின் மேல்நுனியைத் தட்டி மயக்கிவிட்டு, போய்விட்டிருந்தது.

சேகரின் தொடையிலிருந்து ரத்தம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. ஆன்ட்டி அவன் இடுப்படியில் முழங்காலைப் போட்டு முழு எடையையும் இறக்கினார். துப்பாக்கி வாரை உருவிக் கட்டினார், உடைந்த கட்டையின் துண்டைச் செருகி முறுக்கினார். அவன் தாயே தாயே என்று கதற, முறுக்கினார். பிக்கப்பின் பின்தட்டில் அவனைப் போட்டோம். அவர் அவன் மேலேயே ஏறி, முஷ்டியைக் காயத்துக்குள் வைத்து அமுக்கிக்கொண்டார்.

“ஓட்டும். ரோட்டைப் பாரும். பின்னால பாக்காதையும்.”

நான் பார்த்தேன். கண்ணாடியில். அவர் கை சேகருக்குள் இருந்தது. முகம் முள்ளுக்காட்டின் பக்கம் இருந்தது. உயிரோட கிடக்கும், உயிரோட கிடக்கும் என்று அவர் முணுமுணுத்தது சேகரைப் பற்றி அல்ல.

கால் பிழைத்தது. ஆனால் நடை போய்விட்டது. வலது காலை ஒரு சாமானைப் போல இழுத்துக்கொண்டு வருவான். சேகர் முதலில் அழுதான், பிறகு ஒரு கதை செய்துகொண்டான். டிஃபெக்டிவ் பீஸ், ஸீரோன்னு காட்டிட்டு ஏமாத்திடுச்சு, கம்பெனிக்கே திருப்பி அனுப்பி ஒரு வழி பண்ணப் போறேன். வாராவாரம் வீட்டுக்கு வருகிறவர்களிடம், காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு சொல்லுவான். வளர்ந்துகொண்டே போனது கதை. பன்றியும் வளர்ந்தது.

காட்டில் கிடந்த அவன் துப்பாக்கியை ஆன்ட்டி எடுத்து வைத்திருந்தார். எங்கும் அனுப்ப வேண்டாம், நான் பாக்கிறன் என்றிருந்தார். காயத்துக்குக் கட்டு மாற்ற ஒருநாள் விடாமல் வந்தார். கட்டு மாற்றுகிற கை எப்போதும்போல முரட்டுக் கைதான். சேகர் பல்லைக் கடிப்பான். ஒழிந்த நேரமெல்லாம் அந்த முள்ளுக்காட்டில் நடந்தார் என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். வானத்தில் கழுகு வட்டமிட்ட இடத்துக்கெல்லாம் போனாராம். செத்த கன்று கிடந்தது, செத்த முள்ளம்பன்றி கிடந்தது. அந்தப் பன்றி கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையக் கூட்டம். வடை, பாயசம், பேப்பர் தட்டுகள். சேகர் டிஃபெக்டிவ் பீஸ் என்ற இடத்துக்கு வந்திருந்தான். ஆன்ட்டி வாசற்படியில் நின்றுகொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. பூட்ஸோடு கூடத்துக்குள் வந்தார். கையில் அந்த ஸ்கோப். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதில பிழை இல்லை.”

சேகர் சிரித்தான். “ஆன்ட்டி, உக்காருங்க. சாப்பிட்டுப் பேசலாம்.”

“தம்பி, நான் இதைத் தொடாமல், நீர் போட்ட இடத்தில கிடந்த மாதிரியே வைச்சு, அதே தூரத்தில சுட்டுப் பாத்தனான். மேல போகுது. ஒரு முழுச் சுற்றுக் கீழ திருகினன். நடுவில போகுது. உவ்வளவு அடிக்குப் பிறகும் சொன்ன இடத்தில நிக்குது.” குமிழில் விரலை வைத்தார். “ஒரு சுற்றுச் சுத்தினாலும் இதில சைபர்தான் வரும். ரெண்டு சைபரும் பாக்க ஒண்டுதான். நான் அண்டைக்கு மேல போனனான், முழுக்கத் திரும்பி வரேல்லை. பேஜரைப் பாத்தன். சைபரைக் கண்டன். விட்டிட்டன்.”

யாரோ பாயசக் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

“அதெல்லாம் இருக்காது ஆன்ட்டி,” என்றான் சேகர். அவனுக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது. ஒரு பொருள் ஏமாற்றியது என்றால் இழுத்துக்கொண்டு நடக்கலாம். “யாருக்கும் தப்பு வர்றதுதான். விடுங்க.”

“கண்ணாடிக்கு வாய் இல்லை, அதால நீர் பிழையை அதில போடலாம். எனக்கு இருக்கு.” அவர் உட்காரவில்லை. “இதை நீர் விட ஏலாது தம்பி. உம்மட காலோட முடியேல்லை. அது இன்னும் உயிரோட கிடக்கு.”

ஒருவரையும் பார்க்காமல் போய்விட்டார். சேகர் ஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம், எடுத்துட்டுப் போய் அவங்ககிட்டயே குடுத்துடு என்றான். அதன் பிறகு கதை சொல்வதை நிறுத்திவிட்டான். எப்படி ஆச்சு என்று புதிதாக யாராவது கேட்டால், பன்னி, என்பான். அவ்வளவுதான்.

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னைக் காட்டுக்குக் கூப்பிடத் தொடங்கினார். தன் கையைத் தவிர எதையும் நம்பாதவர். அந்த ஸ்கோப்பின் குமிழுக்கு அடியில், அது மேலே ஏறினால் மட்டும் தெரிகிற உலோகத்தில், சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்திருந்தார். முழுக்க இறங்கினால் கோடு மறைய வேண்டும். ஒவ்வொரு முறையும் திருகி முடித்ததும் துப்பாக்கியை என்னிடம் திருப்புவார். முகத்தை மறுபக்கம் வைத்துக்கொள்வார்.

“சிவப்புத் தெரியுதோ பிள்ளை?”

“தெரியல ஆன்ட்டி.”

“வடிவாப் பாரும்.”

“தெரியல.”

அதன் பிறகே கடைசிக் குண்டு. அது நடுவில் போனாலும் அவர் முகத்தில் எதுவும் வராது.

அடுத்த குளிர்காலத்தில் அது வந்தது. அதே ட்ரம்முக்கு, அதே ஐம்பது கஜத்துக்கு. நான் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டேன். மூக்கு ஒருபக்கம் கோணியிருந்தது, ஒரு கண் வெள்ளை. முதுகின் உச்சியில் மயிரில்லாத ஒரு வெளிறிய பள்ளம். கொழுத்திருந்தது. நிதானமாகத் தின்றது. பாதி உயிர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆன்ட்டி நீண்டநேரம் ஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிடுவார் என்றுகூட நினைத்தேன். துப்பாக்கியை என் பக்கம் சாய்த்தார். நான் குனிந்து பார்த்தேன். சிவப்பு இல்லை என்று தலையாட்டினேன்.

சுட்டார்.

விழுந்தது. அவர் எழவில்லை. இன்னொரு குண்டை ஏற்றி, கிடந்ததையே சுட்டார், கழுத்தில். பிறகு நடந்தார். கல்லெடுத்து எறிந்தார். பூட்ஸால் உதைத்தார். கண்ணை விரலால் தொட்டார், வெள்ளைக் கண்ணையும் மற்றக் கண்ணையும். அப்புறம் ரத்தம் நுரைக்கும் அந்த உடம்பின் பக்கத்தில் மண்டியிட்டார். முதுகிலிருந்த பழைய பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார். கையை விரித்தார். தோளுக்குப் பின்னால் இருந்த புது ஓட்டையில் சுண்டுவிரல் சரியாகப் போய் நின்றது.

ஒரு சாண்.

சேகரின் தொடையில் உள்ள தழும்பும் அவ்வளவுதான். எத்தனையோ நாள் அவர் கட்டுப்போட்ட தழும்பு.

“இவ்வளவுதான் பிள்ளை,” என்றார். விரித்த கையை அவர் எடுக்கவில்லை. அதன் அடியில் சூடு ஆறிக்கொண்டிருந்தது.